பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று இரண்டு வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடம் 5 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். பெரும்பாலான மாலைகளில் நான் பாட்டு கேட்பேன். வார இறுதியில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்ப்போம். டிவியின் ஒலியில் வசனமே சரியாகப் புரிவதில்லை. கடையில் விசாரித்தபோது 7.2 சானல் ரிசீவர், கையடக்கமான ஏழு ஸ்பீக்கர்கள், சப்வூஃபர் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பைக் காட்டினார்கள். "அதில் பாட்டு கேட்க முடியாது, தனியாக ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள்" என்கிறார் நண்பர். இரண்டையும் வாங்க வசதியில்லை. சப்வூஃபர் இசையைக் கெடுத்துவிடும் என்றும் கேள்விப்படுகிறேன். என்னிடம் பழைய சிடி பிளேயர் ஒன்று இருக்கிறது. அதை இணைக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வேண்டாம், ஒரே அமைப்பு போதும். கடையில் காட்டிய தொகுப்பும் வேண்டாம். திரையின் இருபுறமும் வைக்க நல்ல ஸ்பீக்கர் ஜோடி ஒன்று, அதை இயக்க நடுத்தரமான ரிசீவர் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) ஒன்று, ஆழமான கீழ் ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபர். இந்த ஆண்டுக்கு இவ்வளவு போதும். நடு ஸ்பீக்கரும் பக்கவாட்டு ஸ்பீக்கர்களும் பிறகு வந்து சேரட்டும். கையில் இருக்கும் பணத்தைப் பத்துப் பங்காக்கினால் நான்கு பங்கு அந்த ஜோடிக்கு, மூன்று ரிசீவருக்கு, மூன்று சப்வூஃபருக்கு. புதிய ஒலி வடிவங்களும் புதிய எச்.டி.எம்.ஐ. பதிப்புகளும் வந்துகொண்டே இருப்பதால் ரிசீவர் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டு உழைக்கும். பெரிய பங்கு அதற்குப் போவது அதனால்தான்.

படத்துக்கான ஸ்பீக்கர் வேறு, பாட்டுக்கான ஸ்பீக்கர் வேறு என்று பிரித்துப் பேசுவது இந்தத் துறையில் வெகுகாலப் பழக்கம். உங்கள் நண்பரும் அதைக் கேட்டுத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஸ்டீரியோ என்ற எண்ணம் தோன்றியதே திரையரங்கில்தான் என்பார்கள். இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் மனைவியோடு படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடிகர் திரையின் ஓரத்துக்கு நடந்துபோன பின்னும் குரல் மட்டும் பழைய இடத்திலிருந்தே வந்தது அவரை உறுத்தியதாம். 1931 டிசம்பரில் அவர் தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பம்தான் இன்றைய ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு அடித்தளம். அவர் தேடியதும் நீங்கள் கேட்பதும் ஒன்றே: குரல் எங்கிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து, அதன் இயல்பான நிறத்தோடு வர வேண்டும். அது படத்தின் வசனமாக இருந்தால் என்ன, பாடகரின் ஆலாபனையாக இருந்தால் என்ன?

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகள் நடத்திய கேட்புச் சோதனைகளும் இதைத்தான் சொல்கின்றன. எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் செய்தால், பெரும்பாலானோர் ஒரே வகையைத்தான் விரும்புகிறார்கள். நேர் எதிரே எந்தச் சுரமும் ஓங்காமல், அமுங்காமல், மேடு பள்ளமில்லாமல் ஒலிக்க வேண்டும், பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே சீரோடு குறைய வேண்டும். அப்படிப்பட்ட ஸ்பீக்கர் இசைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. படம் கூடுதலாகக் கேட்பது இரண்டுதான்: ஆழமான கீழ் ஒலி, திடீர் உச்சங்களைத் தாங்கும் திராணி. சப்வூஃபர் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்கிறது.

அந்தத் தொகுப்பு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், கைக்குள் அடங்கும் ஸ்பீக்கரில் ஒலியெழுப்புவது பெரும்பாலும் மூன்று அங்குலக் கூம்பு. அந்த அளவுக் கூம்பு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே தெம்பாக ஒலிப்பது கடினம். ஆணின் பேச்சுக் குரலோ ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. ஆகவே குரலின் அடிப்பகுதி மூலையில் கிடக்கும் சப்வூஃபருக்குப் போய்விடும். ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கத் திணறுவது சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். 150-ல் அது எளிதாகக் கண்டுபிடித்துவிடும். பாடகரின் நெஞ்சு மூலையிலும் உதடு திரையருகிலும் இருப்பது போன்ற ஒலியை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். சப்வூஃபர் இசையைக் கெடுக்கும் என்ற பேச்சு பெரும்பாலும் இத்தகைய தொகுப்புகளால் வந்தது.

உங்கள் கூடத்துக்கு ஆறு அல்லது ஆறரை அங்குல வூஃபர் (கீழ் ஒலிக்கான கூம்பு) உள்ள புத்தக அலமாரி வகை ஸ்பீக்கர் பொருத்தம். அலமாரி என்று பெயர் இருந்தாலும் அலமாரிக்குள் வைக்காதீர்கள். தாங்கியில் நிறுத்தி, ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சிறு ஒலிப்பான்) உங்கள் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். நெடிய தூண் ஸ்பீக்கர் தோற்றத்தில் கம்பீரம்தான். ஆனால் சப்வூஃபர் வாங்கப்போகிறவர் அதற்குக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. அதே பணத்தில் அலமாரி வகையில் ஒரு படி உயர்ந்த மாடல் கிடைக்கும்.

கேட்டுப் பார்த்து வாங்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கடையில் போடும் அதிரடிப் பாடல்களைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான பதிவுகள் மூன்றைக் கொண்டுபோங்கள். ஒன்றில் குரல் மட்டும் முன்னால் நிற்க வேண்டும். ஒன்றில் தம்பூரா நீளமாக ஒலிக்க வேண்டும். ஒன்றில் மிருதங்கம் தனியாக வர வேண்டும். ஜோடியில் ஒன்றை அணைத்துவிட்டு, ஒரே ஸ்பீக்கரில் மோனோவாகக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது மறையும் குறைகள் ஒன்றில் வெளிப்பட்டுவிடும். தம்பூராவின் நாதம் ஓடிக்கொண்டே இருக்கும்போது அதன் மேல்சுரங்கள் மெல்ல எழுந்து அடங்கும். அந்த எழுச்சி ஏதோ ஓரிடத்தில் முந்திரிக்கொட்டைபோல முன்னால் துருத்தினால் ஸ்பீக்கரில் மேடு இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையும் (வலப்பக்கம்) தொப்பியும் (இடப்பக்கம்) ஒரே வாத்தியமாகக் கேட்க வேண்டும். வலந்தலை கணீரென்றும் தொப்பி வெறும் இரைச்சலாகவும் கேட்டால் அதை விட்டுவிடுங்கள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்து நில்லுங்கள். குரலின் நிறம் பெரிதாக மாறக் கூடாது. உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் உட்காரப் போவதில்லை அல்லவா?

இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது ஒலி அளவு சமமாக இருக்கட்டும். ஒன்று ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் காது அதைத்தான் "தெளிவு" என்று சொல்லும். கைபேசியில் உள்ள ஒலிமானிச் செயலியே இந்த ஒப்பீட்டுக்குப் போதும்.

அடுத்து ரிசீவர். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கை அப்படியே நம்பி ஏமாந்தவர்கள் பலர். 150 வாட் என்று போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் ஒரு சானல் மட்டும், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு என்று இருக்கும். நீங்கள் தேட வேண்டியது இரண்டு சானல் இயங்கும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில், 0.1 சதவீதத்துக்குக் கீழான சிதைவில் கொடுக்கும் வாட். அப்படி 80 வாட் இருந்தால் உங்கள் கூடத்துக்குத் தாராளம்.

எப்படி என்று கேட்பீர்கள். 87 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் எழும் ஒலி அளவு) கொண்ட ஒரு ஜோடி, ஒவ்வொன்றும் ஒரு வாட் பெற்றால், 3 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் உங்களுக்கு ஏறக்குறைய 83 டெசிபல் தரும். சுவர்களின் பிரதிபலிப்பையும் சேர்த்த கணக்கு இது. நிறைவாகப் பாட்டு கேட்க சராசரி 75 டெசிபல் போதும். அதற்குத் தேவை ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு! சராசரிக்கு மேல் 20 டெசிபல் எழும் உச்சத்துக்கு அதன் நூறு மடங்கு, அதாவது 16 வாட் வேண்டும். 50 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்கு அது சிறிய வித்தியாசம். ஆகவே வாட்டை ஏற்றுவதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். உணர்திறன் 86-க்குக் குறையாத, மின்தடை 6 முதல் 8 ஓம் கொண்ட ஸ்பீக்கராகப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். ரிசீவர்களில் பலவும் அதற்குச் சூடேறித் திணறும். ரிசீவரின் மேல்மூடிக்கு மேலே ஒரு சாண் இடமாவது விட்டு வையுங்கள்.

சானல் எண்ணிக்கையை விட்டுத்தள்ளுங்கள். வேறு இரண்டு வசதிகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, முன்சானல்களுக்கு ப்ரீ-அவுட் என்ற வெளியீடு, அதாவது பெருக்கப்படாத ஒலியை வேறொரு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் துளை. நண்பர் சொல்லும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை என்றாவது வாங்கத் தோன்றினால், ஹோம் தியேட்டர் பைபாஸ் (தன் ஒலியளவுக் குமிழைத் தாண்டி ரிசீவரின் ஒலியை நேரே வாங்கும் வசதி) உள்ள ஒன்றை இதில் கோத்துக்கொள்ளலாம். முன்ஜோடியை அது இயக்கும், மற்றவற்றை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். நண்பரின் அறிவுரையைத் தள்ளிப்போடுகிறோம், தள்ளிவிடவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு: ஒரே விலைக்கு வாங்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் பணம் முழுவதும் இரண்டு சானலில் போகிறது, ரிசீவரில் அது பல இடங்களில் சிதறுகிறது. ஆனாலும் அந்த வித்தியாசத்தைவிட ஸ்பீக்கரும் அறையும் உண்டாக்கும் வித்தியாசம் பல மடங்கு பெரியது.

இரண்டாவது வசதி அறைத் திருத்தம். ஆடிஸி, டிராக் லைவ், யமஹாவின் ஒய்பாவ் எனப் பல பெயர்களில் வருகிறது. கூடவே வரும் மைக்கை வைத்து அறையின் ஒலியை அளந்து சரிசெய்யும். மைக்கைக் கையில் பிடிக்காதீர்கள், சோபாவின் முதுகில் சாய்த்தும் வைக்காதீர்கள். கேமராத் தாங்கியில் பொருத்தி, காது உயரத்தில் நிறுத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். முடிந்ததும் மெனுவில் போய் ஒருமுறை சரிபாருங்கள். உங்கள் ஸ்பீக்கரை "பெரியது" என்று ரிசீவர் தானாகவே குறித்திருந்தால் "சிறியது" என்று மாற்றி, கிராஸ்ஓவரை (ஒலியை இரண்டாகப் பிரிக்கும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சிறியது என்பது ஸ்பீக்கரைத் தாழ்த்திச் சொல்வதாகாது. 80-க்குக் கீழுள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்பு என்பதற்கான கட்டளை, அவ்வளவுதான். பாட்டு கேட்கும்போது "அரங்கம்", "மைதானம்" என்ற பெயரில் எதிரொலி சேர்க்கும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு "ஸ்டீரியோ" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "ப்யூர் டைரக்ட்" என்ற பெயரைப் பார்த்து அதுதான் மிகச் சுத்தமானது என்று நினைத்து அதிலேயே பலர் கேட்கிறார்கள். பல மாடல்களில் அதை அழுத்தியவுடன் அறைத் திருத்தம் போய்விடும், சிலவற்றில் சப்வூஃபரும் நின்றுவிடும்.

இனி சப்வூஃபர். இசையே பிரதானம் என்பதால் துளையில்லாத மூடிய பெட்டியில் 10 அல்லது 12 அங்குலக் கூம்புள்ளதை வாங்குங்கள். துளையுள்ள பெட்டி ஆழமாக முழங்கும். ஆனால் மூடிய பெட்டியில் ஒலி கீழே இறங்கும்போது சரிவு மென்மையாக இருக்கும், அறையோடு இணக்கமாகக் கலக்கும்.

எந்தச் சப்வூஃபர் என்பதைவிட எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு அறைக்கும் தானாக ஒத்ததிரும் சில ஒலிகள் உண்டு. உங்கள் கூடத்தின் 5 மீட்டர் நீளம் 34 ஹெர்ட்ஸிலும், மூன்றரை மீட்டர் அகலம் 49-லும், 3 மீட்டர் உயரம் 57-லும் அதிரும். சுவரோரத்தில் அந்த ஒலி பெருகும், நட்டநடுவில் காணாமல் போகும். நீளவாக்கில் சரியாக நடுவில் சோபாவைப் போட்டால் 34 ஹெர்ட்ஸ் உங்களுக்குக் கேட்கவே கேட்காது, எத்தனை பெரிய சப்வூஃபர் வாங்கினாலும் அப்படித்தான். பின்சுவரை ஒட்டிப் போட்டால் எல்லாக் கீழ் ஒலியும் காதருகே வீங்கும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் வாருங்கள்.

சப்வூஃபருக்கு இடம் தேட எளிய முறை இது. சோபாவைச் சற்று நகர்த்திவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலேயே சப்வூஃபரை வையுங்கள். கீழ்ச்சுரங்கள் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு முட்டிபோட்டு, காது சப்வூஃபர் இருக்கும் உயரத்தில் வரும்படி, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். சில இடங்களில் ஒரே சுரம் மட்டும் உறுமும். ஓரடி நகர்ந்தால் அதே சுரம் மாயமாகும். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழச் சமமாகக் கேட்கின்றனவோ அங்கே தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, சப்வூஃபரை அங்கே கொண்டுவந்து வையுங்கள். உங்கள் பழைய இருக்கையில் அமர்ந்தால் அதே சமன் கேட்கும். அரை மணி நேர வேலை. ஆயிரம் வாட்டும் தராத பலனை இது தரும். அளவைக் கூட்டும்போதும் நிதானம் வேண்டும். பாட்டு ஓடும்போது சப்வூஃபர் இருப்பதே தெரியக் கூடாது, அதை அணைத்தால்தான் ஏதோ குறைந்ததாகத் தோன்ற வேண்டும்.

முன்ஜோடிக்கும் உங்களுக்கும் இடையே சமபக்க முக்கோணம் அமையட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்றால் உங்கள் தலையும் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டரை மீட்டர். டிவி நடுவில் நிற்கும். ஸ்பீக்கர்களை அவற்றுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து அரை மீட்டராவது முன்னே இழுத்து வையுங்கள்.

வசனம் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டிவியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிப்பது ஒரு காரணம். முன்ஜோடி வந்தாலே பாதிக் குறை தீரும். ரிசீவரில் "சென்டர் இல்லை" என்று குறித்தால் வசனம் இரண்டு ஸ்பீக்கருக்கும் சமமாகப் பிரிந்து, நடுவில் அமர்ந்தவருக்குத் திரையிலிருந்தே வருவதுபோல் கேட்கும். ஓரத்தில் உட்காருபவருக்கு அந்த மாயம் கலைந்துவிடும், குரல் அருகிலுள்ள ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். எனவே அடுத்து வாங்க வேண்டியது நடு ஸ்பீக்கர். அதே நிறுவனத்தின் அதே வரிசையிலிருந்து வாங்குங்கள், இல்லையென்றால் நடிகர் இடமிருந்து வலம் போகும்போது குரலின் நிறம் மூன்று முறை மாறும். படுத்திருக்கும் பெட்டியில் இரண்டு வூஃபர், நடுவே ட்வீட்டர் என்ற அமைப்பில் ஓர் இடர் உண்டு. பக்கவாட்டில் அமர்ந்தால் இரண்டு வூஃபர்களின் ஒலி ஒன்றையொன்று அழித்து, குரலின் நடுப்பகுதி மெலியும். ட்வீட்டருக்கு நேர் கீழே ஒரு சிறு நடுவொலிக் கூம்பும் வைத்த மூன்று வழி (த்ரீ-வே) வகையில் இந்தக் குறை குறைவு. வெறும் சுவரும் பளிங்குத் தரையுமாக இருந்தால் எந்த ஸ்பீக்கரிலும் வசனம் குழறும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தடித்த கம்பளம் ஒன்று விரித்துப் பாருங்கள்.

பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் மெதுவாக வரலாம். அவை சிறியவையாக இருக்கலாம், காதுக்குச் சற்றுப் பின்னால் 100 முதல் 120 டிகிரி கோணத்தில், காதைவிடக் கொஞ்சம் உயரத்தில் நின்றால் போதும். கூரை ஸ்பீக்கர்களைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள்.

கம்பிக்குச் சாதாரணச் செம்பு, 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன். 4 மீட்டர் தூரத்துக்குப் போக வர எட்டு மீட்டரின் மின்தடை 0.06 ஓமுக்கும் குறைவு. அதற்கு மேல் விலைகொடுத்து வாங்குவதில் காதுக்கு லாபமில்லை. ஆனால் இணைக்கும்போது கவனம் வேண்டும். விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்கிய ஒரு வீட்டில், "பாட்டில் உயிரே இல்லை, பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை" என்று என்னை அழைத்தார்கள். பொருத்திக் கொடுத்தவர்கள் ரிசீவரை மாற்றச் சொல்லியிருந்தார்கள். பின்னால் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது ஸ்பீக்கரில் சிவப்பு முனைக்குப் போக வேண்டிய கம்பி கறுப்பில் முறுக்கியிருந்தது. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்க, கீழ் ஒலி தமக்குள்ளேயே அழிந்துகொண்டிருந்தது. திருகை அவிழ்த்து மாற்றிப் பூட்டிவிட்டு அதே பாட்டைப் போட்டோம். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவே வந்து நின்றது. வீட்டுக்கார அம்மா எழுந்து வந்து டிவியின் பின்னால் எட்டிப் பார்த்தார், அங்கே மூன்றாவது ஸ்பீக்கர் இருக்கிறதா என்று. எட்டு மாதம் அவர்கள் அந்தக் குறையோடு கேட்டிருந்தார்கள்.

உங்கள் சிடி பிளேயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் பின்னால் ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் என்று எழுதிய துளை இருந்தால் அதன் வழியே ரிசீவரில் இணையுங்கள். அறைத் திருத்தம் இயங்கும்போது ரிசீவர் எல்லாவற்றையும் எண்முறை ஒலியாக மாற்றித்தான் கையாளுகிறது. சிவப்பு வெள்ளைக் கம்பியில் அனுப்பினால் ஒலியை ஒருமுறை மாற்றி, மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தத் துளை இல்லாத பழைய மாடலாக இருந்தால் சிவப்பு வெள்ளைக் கம்பியே போதும், கவலை வேண்டாம். டிவியிலிருந்து வரும் ஒலிக்கு எச்.டி.எம்.ஐ. இ-ஆர்க் என்று குறித்த துளையைப் பயன்படுத்துங்கள்.

கூடத்தில் கதவு எந்தப் பக்கம், சோபா எந்தச் சுவரில், திரை எந்தச் சுவரில் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு தாளில் கோடு போட்டு அளவுகளைக் குறித்து அனுப்புங்கள். முன்ஜோடிக்கும் சப்வூஃபருக்கும் தொடக்க இடத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.